ஆடிக்காத்தும் அப்பாவின் கால் விரலும்

ஆடிக்காத்து ஆரம்பிச்சாச்சு. எங்க கடலோரத்தில் தூண்டிலைக் கழுவிக் கட்டி வைக்கிற நேரம். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை கிடையாது. அவங்களுக்குக் காத்துதான் தடை. எங்க அப்பா நாட்டுப்படகுக்காரர்.

காத்து பலமா வீசுற வாரங்களில் அப்பா வீட்டு வாசலில் உட்கார்ந்திடுவார். நீளமான கயிறு ஒண்ணு, அதில் வரிசையா தொங்குற நரம்புகள், ஒவ்வொரு நரம்பு நுனியிலும் ஒரு தூண்டில் முள். எல்லாத்தையும் நல்ல தண்ணியில் அலசி உப்பை எடுப்பார். வெயிலில் கிடந்தா நரம்பு வலு போயிடும்னு நிழலில்தான் காயப் போடுவார். நல்ல முள்ளுக்கு எண்ணெய் தொட்டு, பெட்டி விளிம்பில் ஒண்ணொண்ணா மாட்டி வைப்பார். எலி கடிக்காம இருக்க மேலே சாக்கு.

துருப்பிடிச்ச முள்ளை வெட்டி எடுத்துட்டுப் புதுசு கட்டுவார். வெட்டின முள் எங்கே போகும்? அங்கேயே மண்ணில் விழும். சாயங்காலம் அம்மா கூட்டித் தள்ளுவாங்க. சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். எனக்கு அது தப்பாவே தெரியல.

மூணு வருஷம் முன்னாடி, மூணு வாரம் கழிச்சு ஊருக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழட்டும்போதே ஒரு வாடை. மீன் வாடை இல்லை. வார்டில் தினமும் எனக்குப் பழக்கமான வாடை.

"அப்பா, காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்லய்யா. முள்ளு குத்திட்டு. குறடு வச்சு இழுத்துட்டேன். அம்மா மஞ்சள் வச்சு விட்டா."

குத்திப் பத்து நாள் ஆகியிருந்தது. இரண்டாவது விரல் கருத்துப் போயிருந்தது.

"ஏன்ப்பா போன்ல சொல்லல?"

"வலிக்கலயே எய்யா."

அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைஞ்சிருக்கு. வலிக்காததுதான் அங்கே நோய். விரலை எடுக்க வேண்டியதாச்சு.

சர்க்கரை நோய் ஓபியில் வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் "தினமும் பாதத்தைப் பாருங்க"ன்னு சொல்ற ஆள் நான். சொந்த அப்பா பாதத்தை ஒரு நாள் திருப்பிப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியை ட்ரேயில் விட்டாலே சத்தம் போடுவேன். அதுக்குன்னு குத்த முடியாத வெள்ளை டப்பா வச்சிருக்கோம். எங்க வீட்டு வாசலில் வருஷக்கணக்கா முள் கிடந்திருக்கு.

தூண்டில் கட்டுற எல்லாருக்கும், கம்பியும் நூலுமா பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவங்களுக்கும் சேர்த்து:

1. வெட்டின முள் உடனே மூடி போட்ட டப்பாவுக்குள் போகணும். கீழே ஒண்ணுகூட விழக் கூடாது.

2. முள் ஆழமா ஏறிட்டா இழுக்காதீங்க. நுனிக்குக் கீழே பின்பக்கம் பார்த்து ஒரு குட்டி நாக்கு இருக்கும். இழுத்தா சதையைக் கிழிக்கும். நாங்க மரத்துப்போக ஊசி போட்டு, நுனியை வெளியே தள்ளி, நாக்கை வெட்டிட்டு எடுப்போம். கண்ணிலோ கண் பக்கத்திலோன்னா தொடவே வேண்டாம், அழுத்தாம மூடிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி.

3. சோப்பு போட்டு ஓடுற தண்ணியில் நல்லா கழுவுங்க. மஞ்சள், சாணி, பெட்ரோல் எதுவும் வேண்டாம்.

4. டெட்டனஸ் துருவால் வர்றதில்லை. மண்ணில் இருக்கும் கிருமியால் வருது. பளபளன்னு இருக்கிற முள்ளாலும் வரலாம். கடைசியா தடுப்பூசி போட்டு 5 வருஷத்துக்கு மேலன்னா போட்டுக்கோங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

5. சர்க்கரையோ கல்லீரல் நோயோ இருந்தா, குத்தின அன்னைக்கே காட்டுங்க. வீக்கம், காய்ச்சல், கொப்புளம் வந்தா ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீங்க. கடல் தண்ணியில் இருக்கும் சில கிருமிகள் இவங்க உடம்பில் வேகமா பரவும்.

அப்பா இப்பவும் அதே வாசலில்தான். ஒன்பது விரல், காலில் செருப்பு, பக்கத்தில் மூடி போட்ட பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். கேட்கிறவங்ககிட்ட "டாக்டர் உத்தரவு"ன்னு சிரிப்பார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா வீடியோ கால் போடுவாங்க. அப்பா முகம் கடைசியாத்தான் தெரியும். முதலில் ரெண்டு பாதம்.

உங்க வீட்டிலும் சர்க்கரை இருக்கிற பெரியவங்க இருந்தா, இன்னைக்கு ஒரு தடவை பாதத்தைத் திருப்பிப் பாருங்க. ரெண்டு நிமிஷம்தான்.