இரட்டைப் பிள்ளையில் எது மூத்தது?

எங்கள் பழைய காரிலிருந்து அப்பாவை இறக்குவதற்கு ஒரு முறை உண்டு. நான் வெளியே நின்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து இழுக்க வேண்டும். எதிர்த்த மெடிக்கல் ஷாப் பையன் ஓடி வந்து, டிரைவர் சீட் பக்கமாக ஏறி, முதுகுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். அப்பா “ஒண்ணு... ரெண்டு... மூணு!” சொல்ல வேண்டும். (ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். எண்ணாமல் எதுவும் செய்ய மாட்டார்.) சிதம்பரத்துக்கு வந்த ஒரு வெளியூர் அம்மாள் இதைப் பார்த்து, ஏதோ பிள்ளையார் சிலை வந்து இறங்குகிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டதாக என் வீட்டுக்காரர் சொல்வார். சுத்தப் பொய். ஆனால், சொல்லும்போது அப்பாவே சிரிப்பார்.

சிரித்துக்கொண்டிருந்தவரைக்கும் சரி.

போன வருஷம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கடைசிப் படி தவறி விழுந்தார். வலது முழங்கால் போயிற்று. அம்மா இல்லை. “கடலூருக்கு எங்களோட வந்துடுங்கப்பா” என்றால், “காலையில எழுந்தா கோபுரம் கண்ணுல படணும்மா. உங்க மஞ்சக்குப்பத்துல எனக்குக் கலெக்டர் ஆபீஸ்தான் தெரியும்” என்பார். ஆகவே வாரத்தில் மூன்று நாள் நான்தான் கடலூரிலிருந்து சிதம்பரம் போய், அவரை பிஸியோதெரபிக்கு அழைத்துப் போய், வீட்டில் விட்டுவிட்டு, பெண் ஸ்கூலிலிருந்து வருவதற்குள் திரும்புவேன். போக வர 90 கிலோமீட்டர்.

இரண்டு மாதம் முன்பு திடீரென்று, “பிஸியோதெரபி போதும்மா. நிறுத்திடலாம். கால் இப்ப தேவலை” என்றார். தேவலையாவது! பாத்ரூம் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். குடைந்து குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. முந்தின வாரம் நாங்கள் அவரை இழுத்துக்கொண்டிருந்தபோது, அவரிடம் படித்த பையன் ஒருவன் (பையனுக்கே ஐம்பது வயசு) ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்து, “சார், நான் தூக்கறேன் சார்!” என்று அக்குளில் கை கொடுத்திருக்கிறான்.

“நல்ல பையன். கணக்குல எப்பவும் எண்பதுக்கு மேல வாங்குவான்” என்றார் அப்பா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன்: “வேற கார் வாங்கணும். உயரமா.”

உயரம் என்றால் லாரி உயரம் இல்லை. நாங்கள் வைத்திருந்த பழைய சின்ன காரில் உட்காருவது என்றால் பாயில் உட்காருகிற மாதிரி. கீழே கீழே போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஜீப் மாதிரி வண்டிகளில் நேர் எதிர். பரண்மேல் ஏறுகிற மாதிரி. முட்டி வலிக்காரருக்கு இரண்டும் ஆகாது. நாற்காலி உயரம் வேண்டும். இடுப்பு இருக்கிற மட்டத்திலேயே சீட் இருந்தால் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், அப்படியே நகர்ந்தால் போதும். இதற்குத்தான் இப்போது கிராஸ்ஓவர் என்று ஒரு ஜாதி வந்திருக்கிறது. சாதாரணக் காரையே கொஞ்சம் தூக்கி வைத்து, தோளை அகலமாக்கி, முறைக்கிற மாதிரி ஒரு முகம் வைத்துவிடுகிறார்கள். பலேனோ காரை அப்படித் தூக்கி வைத்ததுதான் ஃப்ரான்க்ஸ்.

மற்ற வண்டிகளை எப்படிக் கழித்துக் கட்டினோம் என்பது தனிக் கட்டுரை. அதில் என் நாத்தனாருக்கும் பங்கு இருப்பதால் எழுத முடியாது. கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று, 2023 ஏப்ரலில் வந்த மாருதி ஃப்ரான்க்ஸ். இன்னொன்று, 2024 ஏப்ரலில் வந்த டொயோட்டா டைசர். நான் மாருதி கட்சி. அவர் டொயோட்டா கட்சி.

நான் பி.காம். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் ஃப்ரான்க்ஸ், வலது பக்கம் டைசர் என்று எழுத ஆரம்பித்தேன். நீளம் 3,995 மில்லி மீட்டர்; இந்தப் பக்கமும் 3,995. இன்ஜின் 1,197 சி.சி.; இந்தப் பக்கமும் 1,197. தரையிலிருந்து உயரம் 190, இங்கேயும் 190. டிக்கி 308 லிட்டர், 308. பெட்ரோல் டாங்க் 37, 37. காலேஜ் படிக்கிற காலத்திலிருந்து என் டிரையல் பாலன்ஸ் முதல் தடவையிலேயே டாலி ஆனது அன்றைக்குத்தான்!

சந்தேகம் வந்து விசாரித்தால், இரண்டும் ஒரே கார். குஜராத்தில் ஹன்சல்பூர் என்கிற ஊரில் சுஸுகி தொழிற்சாலையில் இரண்டும் பிறக்கின்றன. முன்னால் கிரில்லையும் பம்பரையும் விளக்கையும் சக்கரத்தின் டிசைனையும் கொஞ்சம் மாற்றி, பெயர்ப்பலகையை மாற்றி, இரண்டு ஷோரூமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் இது பழக்கம்தான். 2019-ல் பலேனோவே கிளான்ஸா என்ற பெயரில் டொயோட்டா வீட்டுக்கு வாழப்போனது. நம் ஒரகடத்திலும் இது நடந்திருக்கிறது. 2012-ல் வந்த ரெனோ டஸ்டரும், 2013-ல் வந்த நிஸான் டெர்ரானோவும் அங்கே ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“இந்த ஊர்ல ஒரே கோயில்ல நடராஜர், கோவிந்தராஜர்னு ரெண்டு சாமி. ஒரே இடத்துல நின்னு ரெண்டு பேரையும் கும்பிடலாம். ஒரே சாமிக்கு ரெண்டு கோயில் கட்டி, ரெண்டுலயும் தனித்தனியா அர்ச்சனைச் சீட்டு விக்கறதை இப்பதாம்மா கேள்விப்படறேன்” என்றார்.

அவருக்கு அந்த 3,995-தான் உறுத்தியது. “அதென்ன, நாலு மீட்டர்னு முழுசா வைக்காம அஞ்சு மில்லி மீட்டர் குறைச்சல்?” கணக்கு வாத்தியார் இல்லையா!

இது என் ஏரியா. உற்சாகமாகச் சொன்னேன். 2006 பட்ஜெட்டில், அப்போது நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்ன கார் என்றால் நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.யைத் தாண்டக் கூடாது. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22-லிருந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் 18 சதவீதம். அந்தப் பக்கம் போனால் 40! ஆகவே 5 மில்லி மீட்டரும் 3 சி.சி.யும் குறைத்து நிறுத்தியிருக்கிறார்கள். இந்தக் காரின் அளவைத் தீர்மானித்தது இன்ஜினியர் இல்லை, ஆடிட்டர்.

“ஓகோ... இதுதான் சிதம்பர ரகசியமா?” என்றார் அப்பா.

வீட்டில் மட்டும் சண்டை ஓயவில்லை. இரண்டும் ஒன்று என்று தெரிந்த பிறகுதான் அதிகமாயிற்று.

“கிரில்லைப் பாரு, தேன்கூடு மாதிரி எவ்வளவு அழகா இருக்கு!”

“வண்டி ஓட்டறப்ப கிரில் நமக்கா தெரியும்? எதிர்ல வர்ற பஸ்காரருக்குத்தான் தெரியும். அவர் இதுவரைக்கும் எந்தக் காரோட கிரில்லையும் பார்த்து ஒதுங்கினதில்லைங்க.”

“டொயோட்டான்னா ஒரு மரியாதை.”

“கொத்தட்டை டோல்கேட்ல அந்த மரியாதைக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா?”

விலையை எடுத்துக்கொண்டால், அறிமுகமான அன்று ஆரம்ப மாடல் ஃப்ரான்க்ஸ் 7.46 லட்சம், டைசர் 7.73 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. எங்களுக்கு வேண்டிய மாடலில் தள்ளுபடி, இன்ஷூரன்ஸ், பழைய காருக்குக் கொடுக்கிற விலை எல்லாம் கூட்டிக் கழித்தால் வித்தியாசம் ஒரு நல்ல பட்டுப் புடவை. வாரன்ட்டியிலாவது யாராவது ஜெயிப்பார்களா என்று பார்த்தேன். 2024 ஜூலை வரைக்கும் மாருதிக்கு 2 வருஷம் அல்லது 40,000 கிலோமீட்டர்தான். டொயோட்டாவுக்கு 3 வருஷம், ஒரு லட்சம் கிலோமீட்டர். அப்போது வாங்கியிருந்தால் அவர் கட்சி ஜெயித்திருக்கும். அந்த ஜூலையில் மாருதியும் 3 வருஷம், ஒரு லட்சம் என்று ஏற்றிவிட்டது. மறுபடி டாலி!

பெட்ரோல் செலவையும் போட்டுப் பார்த்தேன். வாரம் 270 கிலோமீட்டர், வருஷத்துக்குச் சுமார் 14,000. கம்பெனி 22 கிலோமீட்டர் என்று சொல்லும். சிப்காட் லாரிகளுக்கும் புதுச்சத்திரம் ஆடுமாடுகளுக்கும் நடுவே 18 கிடைத்தால் நம் அதிர்ஷ்டம். 780 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலே 78,000. எந்தப் பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும் இது குறையாது. இதை வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. (பத்திரிகை வந்ததும் பார்த்துக்கொள்வார்.)

ஒரு சனிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு ஷோரூமுக்கும் போனோம். வர மாட்டேன் என்றார். “எனக்காக வாங்கறதுன்னா வேண்டாம்மா. பொண்ணு படிப்பு இருக்கு.” “உங்களுக்கு இல்லப்பா, எனக்கு. எனக்கும் முதுகு வலிக்குது” என்று புளுகிக் கிளப்பினேன்.

முதல் ஷோரூமில் என் வீட்டுக்காரர், “மாமா பெரியவர், பின்னாடி முதலாளி மாதிரி உக்காரட்டும்” என்று பின் கதவைத் திறந்தார். அப்பா ஆறடி. இந்தக் காருக்கு அழகுக்காகக் கூரையைப் பின்பக்கம் சரித்திருக்கிறார்கள். தலை ‘ணங்’. பார்க்க நன்றாக இருக்கிற எதற்கும் யாராவது ஒருத்தர் தலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது ஷோரூமிலும் அதே கூரை, அதே ‘ணங்’. ஐந்தடி நாலங்குலமான என் வீட்டுக்காரர் பின் சீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருக்குத் தலைக்கு மேலே தாராளமாக இடம் இருந்தது.

அப்பா முன்பக்கம் வந்தார். கதவைத் திறந்தார். திரும்பி நின்றார். சீட் அவர் இடுப்புக்குக் கொஞ்சம்தான் கீழே. உட்கார்ந்தார். ஒரு காலை உள்ளே வைத்து, மற்றதைக் கையால் தூக்கி வைத்துக்கொண்டார். ஓட்டிப் பார்த்தோம். கிளட்ச் இல்லாத ஏ.எம்.டி. வண்டி. சாதாரண கியர் பெட்டிதான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு யந்திரம் செய்கிறது. அதனால் கியர் மாறும்போதெல்லாம் வண்டி லேசாகத் தலையாட்டும். “பாட்டு கேக்கிற மாமா மாதிரி ஆட்டுதே” என்றார் அப்பா.

திரும்பி வந்து நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் இந்தப் பக்கம் சுற்றி ஓடினேன். அதற்குள் இரண்டு காலையும் தரையில் வைத்து, கதவு விளிம்பைப் பிடித்து, எழுந்து நின்று, வேட்டியைச் சரி செய்துகொண்டிருந்தார்.

ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லவில்லை.

எனக்கு அந்த நிமிஷமே கார் வாங்கியாகிவிட்டது. எந்தக் கார் என்பதுதான் பாக்கி!

அதைத் தீர்த்து வைத்தவர் எங்கள் பழைய மெக்கானிக் பாய். மழைக் காலத்தில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்குமே, 190 மில்லி மீட்டர் போதுமா என்று கேட்கப் போனேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாற்று வெள்ளத்தைப் பார்த்த ஊர், பயம் இருக்காதா?

“பள்ளம் மேட்டுக்கு அது போதும்மா. தண்ணிக்கு அந்தக் கணக்கே கிடையாது. இன்ஜின் காத்து இழுக்கிற வாய் எவ்வளவு உசரத்துல இருக்குன்றதுதான் கணக்கு. அதுக்குள்ள தண்ணி போச்சுன்னா எந்தக் கம்பெனி வண்டியும் படகுதான். ஆழம் தெரியலைன்னா இறங்காதீங்க” என்றார். பிறகு இரட்டைப் பிள்ளை விவகாரத்தைச் சொன்னேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“உள்ள எல்லாம் ஒண்ணு. மூஞ்சி மட்டும் வேற. அப்படித்தானே? நாம ரோட்டுல போய் இடிச்சுக்கறது மூஞ்சியைத்தானேம்மா! பம்பர், கிரில்லு, லைட்டு... அந்த மூணும்தான் ரெண்டுக்கும் தனித்தனி. எந்த மூஞ்சி கடையில சீக்கிரம் கிடைக்குமோ அதை வாங்குங்க.”

என் நோட்டுப் புத்தகத்தில் முப்பது வரிகள் எழுதியும் எனக்குத் தோன்றாத வரி. அன்று சாயங்காலமே மாருதி என்று முடிவாயிற்று. நாங்கள் கேட்ட கலரில் அவர்களிடம்தான் ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டி கிடைக்கும் என்பதும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சீட் கவர் கலரைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரத்தை முழுதாக அவருக்கு விட்டுக்கொடுத்தேன். மெரூன்! சகித்துக்கொண்டிருக்கிறேன்.

வண்டி வந்த முதல் திங்கட்கிழமை அவரும் லீவு போட்டுக்கொண்டு வந்தார். அப்பா வீட்டு வாசலில் நிறுத்தியதும், அதே பழைய மாணவர் ஸ்கூட்டரை ஓரங்கட்டினார்.

“புது வண்டியா சார்? என்ன வண்டி?”

அப்பா பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“மாருதின்னு எழுதியிருக்கு. டொயோட்டான்னும் சொல்லிக்கலாமாம்” என்று சொல்லிக்கொண்டே இறங்கி நின்றார்.

மெடிக்கல் ஷாப் பையன் வழக்கம்போல் ஓடி வந்து, பாதி ரோட்டில் கையை நீட்டியபடி நின்றுவிட்டான். “சார்... வேணாமா?”

“வந்ததே வந்தே, முட்டிவலித் தைலம் ஒரு பாட்டில் எடுத்துக்கிட்டு வா. போன தடவை கொடுத்தியே, அந்தச் சின்னது வேண்டாம்” என்றார் அப்பா.