நாங்கள் சிகரெட்டை விட்டது



வாலிபர் பக்கத்துக்கு உடல்நலம் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நர்ஸ் வீட்டிலிருந்து வரும் கட்டுரை என்றால் சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று இருக்கும் என நீங்கள் நினைத்திருப்பீர்கள். நாங்கள் சிகரெட்டை விட்டதைப் பற்றி எழுதுகிறோம். பிடித்தது எங்கள் வீட்டுக்காரர் மட்டும்தான். விட்டது அவர் மட்டும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாருக்குமே ஒழுங்கான தூக்கம் இல்லை. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் பேனாவால் அடித்தும் கொடுத்தார்.

பழக்கம் ஆரம்பித்தது திருநெல்வேலியில், கல்லூரி வாசலில் இருந்த டீக்கடையில். ஒரு டீ, ஒற்றை சிகரெட், கயிற்றுத் தீ. நம் ஊரில் பாக்கெட்டாக வாங்க வேண்டியதில்லை, அதனால் எவ்வளவு பிடிக்கிறோம் என்ற கணக்கும் தெரியாது. ஆக்லாந்துக்கு வந்த பிறகுதான் கணக்கு தெரிந்தது. இந்த நாட்டில் 2010 முதல் 2020 வரை சிகரெட் வரியை விலைவாசிக்கு மேல் வருடா வருடம் பத்து சதவீதம் ஏற்றினார்கள். ஒரு பாக்கெட் நாற்பது டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அவருக்கு இரண்டு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது வாரத்துக்கு நூற்று நாற்பது டாலர். சூப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கும்போது கேஷ் அவுட் எடுத்து அதில் வாங்குவார். வங்கிக் கணக்கைப் பார்த்தால் நாங்கள் அரிசியும் பருப்பும் தின்றே அழிந்த குடும்பம் போல இருக்கும்.

வேலை ரோஸ்பேங்க் ரோட்டில் ஒரு கிடங்கில். அங்கே பிடிப்பது ஒருவருக்கும் தெரியாமல் இல்லை. ஒளிவு மறைவு எல்லாம் வீட்டிலும் சபையிலும்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குப்பை போடப் போவார். ஒரு நாள் எங்கள் மகள் கேட்டாள்: “அப்பா குப்பை போட ஏம்மா இவ்வளவு நேரம்? தொட்டி பக்கத்துலதானே இருக்கு?” அப்போது அவளுக்கு ஆறு வயது.

இதில் வெட்கப்பட வேண்டியது அவர் மட்டுமில்லை. நர்ஸுகளாகிய நாங்கள் வார்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் மூன்று காரியம் செய்யப் பழக்கப்பட்டவர்கள். புகைக்கிறீர்களா என்று கேட்பது, விடுவது நல்லது என்று சுருக்கமாகச் சொல்வது, விட உதவி ஏற்பாடு செய்து கொடுப்பது. எத்தனையோ நோயாளிகளிடம் கேட்ட அந்தக் கேள்வியை வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் சபையில் தெரிந்துவிடும் என்ற பயம். அவர் பாடகர் குழுவில் இருந்தார். திருவிருந்து ஞாயிறு வந்தால் மட்டும் “இன்னைக்கு ஷிஃப்ட் இருக்கு” என்பார். அந்தக் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டே கிடையாது என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போவோம்.

2022 டிசம்பரில் இங்கே ஒரு சட்டம் வந்தது உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2009 ஜனவரி 1 முதல் பிறந்த யாருக்கும் எந்தக் காலத்திலும் சிகரெட் விற்கக் கூடாது என்ற சட்டம். எங்கள் மகள் 2016-ல் பிறந்தவள். “இவளுக்கு யாரும் விக்கவே மாட்டாங்களா?” என்று செய்தியைப் பார்த்தபடி கேட்டார். அந்த ஆண்டுக் கடைசி இரவு ஆராதனையில் முழங்காலில் நின்று, இனித் தொடுவதில்லை என்று தீர்மானம் செய்தார். (அந்தச் சட்டத்தை அமலுக்கு வருமுன்பே 2024 பிப்ரவரியில் அடுத்த அரசு நீக்கிவிட்டது. அது வேறு வருத்தம்.)

தீர்மானம் செய்தவர் அதை மட்டும் நம்பி நின்றார். மருந்து வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம், தேவன் பார்த்துக்கொள்வார் என்றார். மூன்றாம் நாள் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதுவரை எங்கள் வீட்டில் அப்படி நடந்ததில்லை. மகள் அழுதாள். அவர் காருக்குள் போய் உட்கார்ந்து அழுதார்.

இந்த இடத்தில் கொஞ்சம் வகுப்பு எடுக்க அனுமதியுங்கள். இழுத்த புகையிலுள்ள நிக்கோடின் சுமார் பத்து விநாடியில் மூளைக்குப் போய்விடும். ஊசி மருந்தை விட வேகம். இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரவு முழுக்கக் குறைந்து குறைந்து காலையில் ஏறக்குறைய காலியாக இருக்கும், அதனால்தான் காலையின் முதல் சிகரெட்டுக்கு அவ்வளவு அவசரம். வருடக்கணக்கில் பிடித்தவர் மூளையில் நிக்கோடினை வாங்கிக்கொள்ளும் இடங்கள் சாதாரண ஆளை விட அதிகமாகிவிடுகின்றன. விட்ட பிறகு அவை பழைய எண்ணிக்கைக்கு வர ஒன்றரை முதல் மூன்று மாதம் ஆகிறது. அதுவரை எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கேட்கும். முதல் வாரம் மிக மோசம். எரிச்சல், தூக்கமின்மை, பசி, எதிலும் மனம் நிற்காமை எல்லாம் அந்தக் கணக்குதான். சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

இருந்தும் அவர் இருபத்தாறு நாள் தாண்டினார். ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளத்தை ஆக்லாந்தில் யாரும் மறக்க மாட்டோம். மாலையில் ஆரம்பித்த மழையில் எங்கள் கராஜுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி, மகளின் சைக்கிள், கல்யாண ஆல்பம் எல்லாம் மிதந்தன. இரவு முழுக்க வாளியால் இறைத்தோம். விடிந்ததும் பால் வாங்கி வருகிறேன் என்று கிரேட் நார்த் ரோட்டுக்கு நடந்தார். திரும்பி வந்தபோது பால் இருந்தது, வாசனையும் இருந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எங்கள் பெரிய தவறு. அவர் மறுபடியும் குப்பை போடப் போக ஆரம்பித்தார், இந்த முறை இன்னும் அதிக வெட்கத்தோடு. பிப்ரவரி, மார்ச் திருவிருந்துகளுக்கு வரவில்லை. பாடகர் குழுவிலிருந்தும் விலகினார்.

அவரைத் திருப்பியது பிரசங்கமல்ல, ஒரு அண்ணாச்சி. எங்கள் சபையில் எழுபது வயதை நெருங்கும் ஒருவர். ஆவன்டேல் ஞாயிறு சந்தையில் அதிகாலை ஆறரை மணிக்குக் கீரைக் கட்டோடு நின்றவர், கார் நிறுத்துமிடத்தில் இவரைக் கையில் சிகரெட்டோடு பார்த்துவிட்டார். இவர் அதைக் காலுக்கடியில் போட்டு மிதித்தாராம். அண்ணாச்சி சொன்னது இதுதான்: “ஏன் தம்பி நாப்பது டாலர் சாமானப் போட்டு மிதிக்கீய? நான் விட்டு இருவத்திரண்டு வருசம் ஆச்சு. இன்னும் மழ பேஞ்சா கை சட்டப் பையத் தடவும்.” இத்தனை வருடம் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருகிற மனிதர் அவர். அவர் புகைத்தவர் என்றே யாருக்கும் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து முதல்முறையாக இவர் வாய் திறந்து, “உதவி வேணும்” என்றார்.

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை என்று நாள் குறித்தோம். அதற்கு முன் க்விட்லைனுக்கு அவரே போன் செய்தார். 0800 778 778, கட்டணமில்லை. பேட்சும் நிக்கோடின் கம்மும் அவர்கள் வழியாகவே கிடைத்தன. கைக்காசு செலவானது ஒரு பாக்கெட் சிகரெட்டின் விலையில் சிறு பங்குதான்.

கம்மில் முதல் நாளே சிக்கல். பபுள் கம் போல மென்று தள்ளினார். விக்கல், நெஞ்செரிச்சல், “இது வேலைக்கு ஆகாது” என்று குப்பையில் போட்டார். அதை மெல்லும் விதம் வேறு. காரம் ஏறும்வரை மெதுவாக நாலு முறை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும், காரம் அடங்கினால் திரும்ப மெல்ல வேண்டும். வாயின் தோல் வழியாகத்தான் மருந்து ஏறும், விழுங்கினால் பயனில்லை. “உங்க ஆச்சி வெத்திலைய ஒதுக்குவாங்கள்ல, அப்படி” என்றதும் பிடித்துக்கொண்டார். கம்முக்கு முந்திய கால் மணி நேரத்தில் டீ, காப்பி, ஜூஸ் கூடாது. குடித்தால் மருந்து சரியாக ஏறாது. பேட்ச் தினம் காலையில் 21 மில்லிகிராம், ஒட்டும் இடத்தை மாற்றி மாற்றி. இரவில் ஒட்டியே படுத்தால் கனவுகள் தாறுமாறாக வந்தன. கிடங்கு முழுக்க யானைகள் நிற்பதாகக் கண்டார். படுக்கும்முன் கழற்றிவிடச் சொன்னோம், யானைகள் போய்விட்டன.

தூக்கம் மட்டும் வரவில்லை. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம். நிக்கோடின் கேட்கிறது என்றே இரண்டு வாரம் நினைத்தோம். ஒரு நாள் வார்டில் தியோபிலின் சாப்பிடும் நோயாளி ஒருவர் புகைப்பதை நிறுத்தியதால் மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். அப்போதுதான் பொறி தட்டியது. புகையிலுள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுச் சில மருந்துகளையும் காப்பி, டீயில் உள்ள காஃபீனையும் வேகமாக வெளியேற்றும். புகை நின்றால் அந்த முடுக்கமும் நின்றுவிடும். அதே ஆறு கப் டீ இப்போது உடம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை செய்கிறது. படித்த பாடம்தான், வீட்டில் நினைவுக்கு வரவில்லை. டீயைப் பாதியாகக் குறைத்தோம். நாலு நாளில் தூங்கினார். விடுவதற்கு முயற்சி செய்யும் யாரையாவது நீங்கள் அறிந்தால், வேறு ஒன்றும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

ஏக்கம் வரும்போது என்ன செய்வது என்பதுதான் மீதி. அது இருக்க இருக்கக் கூடிக்கொண்டே போகும் என்று புகைப்பவர்கள் நம்புகிறார்கள். அப்படியில்லை. எங்கள் சமையலறை டைமரை வைத்துப் பார்த்தோம். மூன்று நிமிடம், நாலு நிமிடம், மோசமான ஒரு நாளில் ஏழு. ஏறி, உச்சிக்குப் போய், இறங்கிவிடும். அந்த நிமிடங்களில் பாத்திரம் கழுவினார், மழையில்லாத மாலைகளில் ஃபாவ் ஆற்றுப் பக்கம் நடந்தார். ஜெபித்தாரா என்று கேட்பீர்கள். ஜெபித்தார். ஜெபித்துக்கொண்டே கம்மையும் ஒதுக்கினார். கிடங்கில் பத்தரை மணி பிரேக்தான் பெரிய கண்டம். அந்த நேரம் வார்டில் போன் எடுக்க வழியில்லை. அண்ணாச்சியைக் கூப்பிடுவார். “என்ன தம்பி, வந்துட்டானா?” என்பாராம். பிறகு கத்தரிச் செடியில் பூச்சி விழுந்ததைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் சறுக்கினார். ஒரே ஒன்று. இந்த முறை வீட்டுக்கு வந்ததும் சொன்னார். பேட்சைக் கழற்றவா என்று கேட்டார். வேண்டாம், ஒன்று பிடித்ததற்காகப் பேட்சை நிறுத்தக் கூடாது, நாளைக் காலை வழக்கம்போல ஒட்டுங்கள் என்றோம். இங்கே ஆக்லாந்து பல்கலைக்கழகம் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. க்விட்லைனை நாடிய 1310 பேரில் பாதிப்பேருக்கு நிக்கோடின் பேட்ச், கம் போன்றவை, மறுபாதிக்குச் சைட்டிசின் என்ற மாத்திரை. ஒரு மாதம் கழித்து விட்டவர்கள் முந்தியதில் 31 சதவீதம், பிந்தியதில் 40. மாத்திரை வென்றது என்பதுதான் செய்தி. நாங்கள் அதில் பார்த்தது வேறு. மருந்தும் ஆலோசனையும் கிடைத்தும் பாதிக்கு மேல் தவறியிருக்கிறார்கள். சபையில் சாட்சி சொல்கிறவர்கள் ஒரே இரவில் விட்டதாகச் சொல்லும்போது நாங்கள் சந்தோஷப்படுகிறோம். அப்படி நடக்காதவர் பின் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதையும் இப்போது கவனிக்கிறோம்.

உங்களில் சிலர் பையில் வேப் இருக்கிறது. எங்களுக்குத் தெரியும், மாம்பழ வாசனை அப்படிச் சும்மா வராது. 2023-24 சுகாதாரக் கணக்கெடுப்பில் இந்த நாட்டில் தினமும் புகைப்பவர்கள் 6.9 சதவீதம், தினமும் வேப் பிடிப்பவர்கள் 11.1. சிகரெட் பிடிப்பவர் அதை முழுவதும் விட்டு வேப்புக்கு மாறினால் அவருக்குத் தீங்கு குறையும், அதை மறுக்க மாட்டோம். சிகரெட்டே தொடாதவர் வேப்பைத் தொட்டால் உள்ளே போவது அதே நிக்கோடின்தான். ஆராதனை நடுவில் இரண்டு தரம் எழுந்து வெளியே போகிறீர்கள் என்றால் மேலே எழுதிய பத்து விநாடிக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும். யாரிடமும் சொல்ல மாட்டோம், வந்து கேளுங்கள்.

2025 ஆகஸ்டோடு இரண்டு வருடம் ஆனது. அவர் பாடகர் குழுவுக்குத் திரும்பிவிட்டார். மேல் சுருதி இன்னும் எட்டவில்லை, அதற்கும் சிகரெட்டுக்கும் சம்பந்தமில்லை. போன மாதம் பெரிய மழை பெய்த இரவு, கராஜ் கதவைப் பார்த்தபடி ஜன்னலருகே நின்றார். டைமரை எடுத்துக்கொண்டு போனோம். “வேண்டாம், நாலு நிமிசம் ஆச்சு, எண்ணிட்டேன்” என்றார். குப்பையை இப்போது மகள்தான் போடுகிறாள். அவரோடு பேச வேண்டும் என்றால் ஆராதனை முடிந்ததும் டீ மேசைப் பக்கம் வாருங்கள். அரை கப் டீயோடு அண்ணாச்சி பக்கத்தில் நிற்பார்.