காக்காட பெரிய புல்லி

மாரி பிறந்தால் நாவிதன்வெளிப் பக்கமிருந்து கல்முனைக்குப் போற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒண்டுதான்: "கிட்டங்கியில தண்ணி எவ்வளவு?" தாம்போதிக்கு மேலால வெள்ளம் பாயத் தொடங்கினா ரெண்டு பக்கமும் வாகனங்கள் வரிசையில நிக்கும்.

அப்படி ஒரு டிசம்பர் இரவு, வாப்பாவுக்கு இழுப்புக் கூடிப்போய், காக்காட பழைய லான்சரில ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். வரிசையில ஒரு மணித்தியாலத்துக்கு மேல நின்றிருப்போம். ஹெட்லைட் மெல்ல மஞ்சளாகியது. வைப்பர் சோம்பலா அசைஞ்சது. மறுகா எஞ்சின் ரெண்டு தரம் இருமி நின்றுபோச்சு. சாவியைத் திருப்பினா 'டிக்' எண்ட சத்தம் மட்டும்தான். அந்த பற்றரி வாங்கி நாலு மாதம்கூட ஆகேல்ல. அதுக்கு முந்தினதும் ஒரு வருஷத்துக்குள்ள செத்தது.

பின்னால ட்ரக்டரில வந்த சவளக்கடை அண்ணன் ஒருவர்தான் இறங்கி வந்தார். "ஐயாவப் பெட்டியில ஏத்துங்க தம்பி, நான் கொண்டுபோறன்" எண்டார். மழையில வாப்பாட தலைக்கு மேல உம்மா குடை பிடிக்க, நாங்க தண்ணியைக் கடந்தோம். ஆஸ்பத்திரியில மாஸ்க் போட்டு மருந்துப் புகை கொடுத்த பிறகுதான் வாப்பாவுக்கு மூச்சு நேரா வந்தது. காக்கா வாங்கில குனிஞ்சபடி இருந்தார். "இன்னொரு பற்றரி பாக்கணும்" எண்டு மட்டும் சொன்னார்.

எனக்கு அது பற்றரிக் குற்றம் மாதிரித் தெரியேல்ல.

காக்காவுக்குக் கார் ஓட்டப் பைத்தியம். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில்லுக்கு ரெண்டு தரம் போய்ப் பார்த்தவர். தானும் ஒருநாள் ஓடணும் எண்டு லான்சருக்கு ஒவ்வொண்டாச் செய்தார். அதில ஒண்டுதான் ஓல்டனேட்டருக்குப் போட்ட பெரிய அலுமினியப் புல்லி. பஞ்சிகாவத்தையில தேடி வாங்கினது. 2024 ஏப்ரல் 21 அங்க கார் பாதையை விட்டுப் பாய்ஞ்சு ஏழு பேர் இறந்த பிறகு, ஓட்டப் பேச்சையே எடுக்கக் கூடாது எண்டு உம்மா சத்தியம் வாங்கிற்றா. ஓட்டம் நின்றது. புல்லி காரிலேயே இருந்தது.

நான் உயர்தரத்தில தொழினுட்பப் பிரிவில படிச்சவள். மல்டிமீற்றரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தன். சார்ஜ் ஏத்தின பற்றரியைப் பூட்டி, எஞ்சினைச் சும்மா ஓட விட்டு அளந்தா 13.5 வோல்ட். லைட், வைப்பர், புளோவர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாத்தையும் போட்டா 12.1. அதாவது ஓல்டனேட்டர் கொடுக்கிறது காணாம, பற்றரிதான் தன்ட இரத்தத்தைக் கொடுக்குது. அக்சிலரேட்டரை மிதிச்சு 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனா உடனே 14.2. ஓல்டனேட்டரில பழுதில்லை. அது மெதுவாச் சுத்துறதுதான் பிரச்சினை.

கணக்கு சின்னதுதான். எஞ்சின் பக்கப் புல்லியின் விட்டத்தை ஓல்டனேட்டர் புல்லியின் விட்டத்தால பிரிச்சா, எஞ்சின் ஒருக்காச் சுத்தும்போது ஓல்டனேட்டர் எத்தனை தரம் சுத்தும் எண்டு தெரியும். எங்கட காரில எஞ்சின் புல்லி 14 செ.மீ. பழைய ஓல்டனேட்டர் புல்லி 6, காக்கா போட்டது 7.5. நிமிஷத்துக்கு 800 சுற்றில எஞ்சின் நிக்கும்போது, பழையதில ஓல்டனேட்டர் 1,867 தரம் சுத்தும். புதியதில 1,493. ஓல்டனேட்டர் ஒண்டு கரண்ட் கொடுக்கத் தொடங்குறதே கிட்டத்தட்ட அந்த வேகத்திலதான்.

இதைக் காட்டினதும் காக்கா கோவப்பட்டார். "ரேஸ் கார்க்காரன் எல்லாம் விசரனா அப்ப?"

இல்லை. ஓட்டத்தில எஞ்சின் 7,500 சுற்றுக்குப் போகும். பழைய புல்லியில ஓல்டனேட்டர் 17,500 சுத்தும். பெரும்பாலான கார் ஓல்டனேட்டருக்கு 18,000 அளவுதான் எல்லை. அதுக்கு மேல பெயரிங்கும் உள்ளே சுத்துற கம்பிச் சுருளும் தாங்காது. பெரிய புல்லி போட்டா 14,000தான். அவங்கட காருக்கு அது காவல். அவங்க ஏசி போட்டுக்கொண்டு வெள்ளத்தில வரிசை நிக்கிறதில்லை.

"அப்ப பவர் கூடாதா?" எண்டு கேட்டார். அதுவும் பெரிசா இல்லை. ஓல்டனேட்டர் எஞ்சினிட்ட இழுக்கிறது பெரும்பாலும் நாம கேட்கிற கரண்டுக்கு ஏற்பத்தான். அதே லைட்டும் அதே ஃபேனும் எரிஞ்சா, புல்லியை மாத்தினாலும் சுமை கிட்டத்தட்ட அதேதான்.

கொஞ்ச நேரம் பேசாம இருந்தவர், "சரி, அப்ப 5 செ.மீ. புல்லி போடுவம். வோல்ட் கூடும்தானே?" எண்டார். பலரும் நினைக்கிறது இதுதான். ஆனா வோல்டைத் தீர்மானிக்கிறது புல்லி இல்லை, உள்ளே இருக்கிற ரெகுலேட்டர். வேகம் எவ்வளவு கூடினாலும் அது 14 வோல்ட் சொச்சத்தில பிடிச்சு வைக்கும். சின்னப் புல்லி மெதுவான ஓட்டத்தில கிடைக்கிற கரண்டைக் கூட்டும், அவ்வளவுதான். மறுபக்கம், 7,500 இல ஓல்டனேட்டர் 21,000 சுத்தும். சின்னப் புல்லியில பெல்ட்டுக்குப் பிடியும் குறைவு. மழைக்கு வழுக்கிக் கீச்சிடும்.

பழைய புல்லி கொட்டிலில ஒரு பால்மா டின்னுக்குள்ள கிடந்தது. காக்காவே தேடி எடுத்தார். பெல்ட்டையும் பழைய நீளத்துக்கு மாத்தினார். நான் மீற்றரைப் பிடிச்சன். எல்லாம் போட்டபடி, எஞ்சின் சும்மா ஓட, 13.6. ரெண்டு பேரும் ஒண்டும் பேசேல்ல. உள்ளேயிருந்து வாப்பா, "என்ன, கார் சுகமாகிற்றா?" எண்டு கேட்டார்.

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து எங்களப் போல ஆக்களுக்குப் பழைய காரைக் காப்பாத்துறதைத் தவிர வேற வழியிருக்கேல்ல. இப்ப இறக்குமதி திறந்தாலும் விலை எட்டாது. அதனால ஒண்டு சொல்றன். பற்றரி அடிக்கடி செத்தா, புதுசு வாங்க முதல் எல்லா லைட்டையும் போட்டு, எஞ்சினைச் சும்மா ஓட விட்டு ஒருக்கா அளந்து பாருங்க. 13க்குக் கீழ போனா, பற்றரியில பிழை சொல்ல முதல் பெல்ட்டையும் புல்லியையும் ஓல்டனேட்டரையும் பாருங்க.

அந்தப் பெரிய புல்லியை விக்கச் சொன்னன். காக்கா விக்கேல்ல. பால்மா டின்னுக்குள்ள இப்ப அதுதான் கிடக்கு. சில பின்னேரங்களில எடுத்துத் துடைச்சு வைக்கிறார். நான் கண்டும் காணாத மாதிரிப் போயிருவன்.