லபாடி தெருவின் செங்கல் வீடு

அழகான கட்டடம் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவின் மிசோரி மாநிலம், செயின்ட் லூயிஸ் நகரம், லபாடி அவென்யூ, கதவு எண் 4600. நகரம் மேற்கே விரிந்துகொண்டிருந்த காலத்தில், 1906இல், இரண்டு குடும்பங்கள் மேலும் கீழுமாகக் குடியிருக்கக் கட்டிய சாதாரணச் செங்கல் வீடு. அதே மாதிரி வீடுகள் அந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஆனாலும் 1990இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

ஏன் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அது நம் கதையும்கூட.

1916இல் செயின்ட் லூயிஸ் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, கறுப்பர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எதில் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதே ஆண்டின் தொடக்கத்தில் அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர். மறு ஆண்டே இத்தகைய சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே 1917இல் பரோடாவில் வேலையில் சேரப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. அடையாளத்தை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள்.

சட்டம் போனால் என்ன, பத்திரம் இருக்கிறதே! லபாடி தெருக்காரர்கள் அதற்கும் முன்பே, 1911இல், தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருந்தார்கள். 39 உரிமையாளர்களில் 30 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு அந்த வீடுகளில் கறுப்பரோ மங்கோலிய இனத்தவரோ குடியேறக் கூடாது. இதில் கொடுமை என்னவென்றால், அதே தெருப் பகுதியில் ஏற்கெனவே கறுப்பர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். ஒரு வீட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக.

1945இல் ஜே. டி. ஷெல்லி, எத்தல் ஷெல்லி என்ற கறுப்பினத் தம்பதி இந்த வீட்டை வாங்கினார்கள். மிசிசிப்பியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஒப்பந்தம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அந்த ஆகஸ்டில் கிரயம் ஆனது. அக்டோபரில் வழக்கு வந்தது. வழக்குத் தொடுத்த கிரேமர் குடும்பம் கேட்டது ஒன்றுதான்: இவர்களை வெளியேற்று. மிசோரி உச்ச நீதிமன்றம் 'சரி' என்றது.

வழக்கு வாஷிங்டன் போனது. ஷெல்லிக்காக வாதாடிய ஜார்ஜ் வான், அடிமையாகப் பிறந்தவரின் மகன். 1948 மே 3 அன்று தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். மீதி ஆறு பேரும் ஒருமித்துச் சொன்னார்கள். தனிமனிதர்கள் தங்களுக்குள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். அதை நிறைவேற்றித் தர நீதிமன்றம் கை கொடுத்தால், பாகுபாடு காட்டுவது அரசே என்றாகிவிடும். அது அரசமைப்புக்கு விரோதம்.

இத்தோடு எல்லாம் மாறிவிட்டது என்று நாங்கள் கதை விட மாட்டோம். விற்பனையிலும் வாடகையிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வர 1968 ஆனது. செயின்ட் லூயிஸ் இன்றும் டெல்மார் சாலைக்கு வடக்கே கறுப்பர், தெற்கே வெள்ளையர் என்று பிரிந்தே கிடக்கிறது. லபாடி இருப்பது வடக்கில். அந்த வட பகுதியில் கைவிடப்பட்ட வீடுகளை இடித்துச் செங்கல்லைத் திருடி வெளியூருக்கு விற்கும் தொழிலே நடந்திருக்கிறது. பழைய கல்லுக்கு அவ்வளவு கிராக்கி. கல்லுக்கு இருக்கும் மதிப்பு அங்கே வாழ்ந்த மனிதர்களுக்கு இல்லை. அதனால்தான் அந்த ஒரு வீட்டை நிறுத்திவைப்பது முக்கியமாகிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டப்படி, ஒரு கட்டடம் நூறு ஆண்டுகளாவது நின்றிருந்தால்தான் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க முடியும். இந்த அளவுகோலை வைத்தால் 1990இல் ஷெல்லி வீடும் தேறியிருக்காது. அதற்கு அப்போது வயது 84தான். நூறு ஆண்டு எது நிற்கும்? கோயில் நிற்கும், கோட்டை நிற்கும், ஜமீன் மாளிகை நிற்கும். சேரியின் கூரை நிற்குமா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் உள்ளே இருக்க எரிக்கப்பட்டது ஒரு குடிசை. நெருப்பு விட்டுவைக்காததை எந்தத் தொல்லியல் துறை பட்டியலில் சேர்க்கும்? நம் மக்கள்தான் அங்கே நினைவிடம் எழுப்பி ஆண்டுதோறும் கூடுகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உறுப்பினர் தகுதியை ஒரே சமூகத்துக்கு மட்டும் என்று ஒரு வீட்டுவசதிச் சங்கம் வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கில், 2005இல் நம் உச்ச நீதிமன்றம் 'வைத்துக்கொள்ளலாம்' என்றது. சங்கம் அமைக்கும் உரிமையாம்! லபாடி தெருவில் 1948இல் அடைத்த கதவை நாம் 57 ஆண்டு கழித்துத் திறந்துவிட்டிருக்கிறோம். வாடகைக்கு வீடு மறுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டமும் இங்கே கிடையாது. சென்னையில் வீடு தேடும் நம் மாணவர்களிடம் 'சைவமா?' என்று கேட்கிறார்கள். அடுத்து 'சொந்த ஊர் எது?', அடுத்து 'ஊரில் எந்தத் தெரு?' பத்திரமே தேவையில்லை, மூன்று கேள்வி போதும்.

தம்பி, தங்கைகளே, பாரம்பரியம் என்றதும் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கத்தை விடுவோம். உங்கள் குடியிருப்பில் முதன்முதலாக எழுந்த செங்கல் வீடு எது? இரவுப் பள்ளி நடந்த திண்ணை எது? அம்பேத்கர் மன்றத்தின் முதல் கூட்டம் எந்த வீட்டில் கூடியது? கட்டும்போது ஊரார் வந்து தடுத்தார்களா? பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பட்டாவையும் ரசீதையும் படம் எடுத்து வையுங்கள். வீடு மறுக்கப்பட்டால் தேதி, கேட்ட கேள்வி, சொன்ன பதில் மூன்றையும் அன்றே குறித்து வையுங்கள்.

ஷெல்லி குடும்பம் நாயகர்களாக ஆக அந்த வீட்டை வாங்கவில்லை. பிள்ளைகளோடு குடியிருக்க வாங்கினார்கள். வெளியே போ என்றபோது போக மறுத்தார்கள். அந்த வீட்டின் மதிப்பு அவ்வளவுதான், அது போதும்.