குருதியின் சாட்சி

என் தந்தையார் பஞ்சாலையில் முப்பதாண்டுகள் உழைத்தவர். 2021-இல் அவருக்குக் காசநோய் கண்டது. ஆறு மாதம் ஒரு நாளும் தவறாமல் மாத்திரை விழுங்கிக் குணமடைந்தார். 2024 ஆடியில் ஒரு விடியற்காலை இருமலோடு இரத்தம் வந்தது. "பழையபடி வந்துடுச்சுடா" என்றார். அன்றே அவருடைய டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தேன். வைத்தவன் நான்தான், அம்மா அல்ல. விலங்கியல் மாணவன் என்ற பெருமை வேறு!

சளியை மூன்று முறை பரிசோதித்தும் காசநோய்க் கிருமி அகப்படவில்லை. ஆயினும் ஒரு மருத்துவர் அதே மாத்திரைகளை மீண்டும் தொடங்கினார். இரண்டு மாதமாகியும் இருமல் நிற்கவில்லை, உடல்தான் இளைத்தது. பிறகு நாங்கள் சென்று பார்த்த நுரையீரல் மருத்துவ அம்மையார் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினார். காசநோய் ஆறிய இடத்தில் ஒரு குழி. குழிக்குள் ஓர் உருண்டை. "பூஞ்சையா இருக்கலாம் தம்பி. இரத்தத்தைப் பார்த்துடுவோம்" என்றார்.

ஆஸ்பர்ஜில்லஸ் என்பது அதன் பெயர். துணைப்பாடத் தாவரவியலில் நாம் படித்ததுதான். அதன் வித்துகளை நாம் எல்லோரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். உடல் ஓசையின்றி அவற்றை அழித்துவிடுகிறது. பழைய குழி கிடைத்தால் மட்டும் அங்கே குடியேறிவிடும். உடலும் சும்மா இருப்பதில்லை. அப்பூஞ்சைக்கென்றே ஐஜிஜி எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். சளியில் அகப்படாத பூஞ்சை இரத்தத்தில் பிடிபடுவது இதனால்தான். 1968-இல் வெளியான பிரிட்டன் ஆய்வின்படி, காசநோய்க்குப் பின் குழி எஞ்சியிருந்த 544 பேரைச் சோதித்ததில் நான்கில் ஒருவரிடம் இவ்வெதிர்ப்பொருள் இருந்தது. அதற்காக எல்லோரும் நோயாளிகள் அல்லர். எக்ஸ்ரேயும் நோய்க்குறியும் ஒத்துவந்தால்தான் இரத்தத்தின் சாட்சி செல்லும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களிடம் எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டாகாமலே போகலாம். அவர்களிடம் பூஞ்சையின் சுவரிலிருந்து வெளிப்படும் காலக்டோமன்னன் என்னும் பொருளைத் தேடுகிறார்கள்.

தந்தையாரின் எதிர்ப்பொருள் அளவு மிக உயர்ந்திருந்தது. காசநோய் மாத்திரைகள் நிறுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்றான ரிஃபாம்பிசின், பூஞ்சைக்குரிய இட்ராகோனசோலை இரத்தத்தில் நிலைக்க விடாதாம். வீணாய்ப் போன அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

"இது ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டாது" என்று அம்மையார் சொன்னபோது, தந்தையார் என்னைத்தான் பார்த்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது அவருடைய டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்று கேட்டார்.