வெள்ளையடிக்கும் கைதிகள்

1927இல் ஹால் ரோச் நிறுவனம் தயாரித்த ‘தி செகண்ட் ஹண்ட்ரட் இயர்ஸ்’ என்னும் மௌனக் குறும்படத்தைச் சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். லாரலும் ஹார்டியும் மொட்டைத் தலையுடன் தோன்றும் படம். சுரங்கம் தோண்டித் தப்ப முயன்று, சிறையதிகாரியின் அறைக்குள்ளேயே முளைத்தெழுகிறார்கள். இது வழக்கமான சிரிப்புதான்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்த காட்சி. கைதியுடையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி அணிந்து, பெயிண்டர்களாக வாயிலைக் கடக்கிறார்கள். ஐயம் கொண்ட போலீஸ்காரர் பின்தொடர்கிறார். அவர் பார்வை விலகும்வரை தூரிகையைக் கீழே வைக்க இயலாது. கடைக் கண்ணாடி, நிற்கும் கார் என எதிர்ப்பட்டதையெல்லாம் வெள்ளையடித்துக்கொண்டே போகிறார்கள்.

என் முதல் வேலையில், எனக்குக் கொடுக்க எவரிடமும் பணி இருக்கவில்லை. அதிகாரியின் காலடியோசை கேட்டதும் பழைய பேரேட்டைப் படியெடுக்கத் தொடங்குவேன். மூன்று மாதங்கள்! வீட்டில் சொல்லவில்லை. அப்பாவோ என் உத்தியோகத்தைத் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தார். முன்பு வயிறு வலிக்கச் சிரித்த அக்காட்சியில் இம்முறை எனக்குக் கை வலித்தது.

பிறகு, பிரெஞ்சு விருந்தினர் இருவரின் உடைகளைப் பறித்து அணிகிறார்கள். விருந்து மேசையில் லாரல் ஒரு செர்ரிப் பழத்தைக் கரண்டியால் துரத்தும் அழகைத் தனியே எழுதலாம். அந்த விருந்தினர்கள் வந்ததோ அதே சிறையைப் பார்வையிட. கம்பிகளுக்குப் பின்னிருந்து பழைய தோழர்கள் இவர்களை அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.