கொல்லைப்பக்க அறைக்கு வைஃபை

ஜூன் 8, ஞாயிறு

கும்பகோணத்துப் பழைய வீடுகள் நீளமானவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் தாண்டித்தான் கொல்லைப்பக்க அறை. ஃபைபர் ஒயர் வாசல் வழியாக வருகிறது, ரவுட்டர் ரேழியில். மூட்டுவலியால் அம்மா பின் அறையை விட்டு அதிகம் நகர்வதில்லை. தோஹாவிலிருந்து தம்பி வீடியோவில் கூப்பிட்டால், “பேசிண்டே இருக்கான், சிலையாட்டம் நின்னுடறான்டா” என்கிறாள். பிள்ளையின் முகத்தை அவள் முழுசாகப் பார்க்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

போனில் சிக்னல் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து கொல்லை வரை நடந்தேன். ரேழியில் மைனஸ் 40 டிபிஎம், கூடத்தின் கடைசியில் மைனஸ் 62, அம்மா அறையில் மைனஸ் 84. மைனஸ் 67-க்குக் கீழே இறங்கினால் வீடியோ திணற ஆரம்பிக்கும். இடையில் நிற்பவை ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள், ஓர் இரும்பு பீரோ. சுவர் அலையை உறிஞ்சுகிறது, இரும்பு திருப்பி அடிக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான். சுவர் தாண்டுவதில் 2.4-தான் கெட்டி.

ஜூன் 11, புதன்

ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் ஓர் எக்ஸ்டெண்டர் வாங்கினேன். “சிக்னல் வராத ரூம்லயே சொருகிடுங்க சார்” என்றார் கடைக்காரர். பலரும் அப்படித்தான் மாட்டிவிட்டு, பொருள் சரியில்லை என்கிறார்கள். எக்ஸ்டெண்டர் காதில் விழுந்ததை உரக்கத் திருப்பிச் சொல்லும் ஆள் மாதிரி. அந்த ஆளுக்கே சரியாகக் கேட்காவிட்டால் என்ன சொல்ல முடியும்? கூடத்தின் கடைசியில், பீரோவை விட்டு விலகிய பிளக்கில் மாட்டினேன். ரவுட்டரிலும் இதிலும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அழுத்தியதும் இணைந்துகொண்டது. அம்மா அறையில் இப்போது மைனஸ் 58. அட்மின் பாஸ்வேர்டையும் உடனே மாற்றினேன்.

ஜூன் 12, வியாழன்

ரவுட்டர் பக்கத்தில் 94 எம்பிபிஎஸ் வேகம். அம்மா அறையில் 21. மலிவான கருவியில் ஒரே ஒரு ரேடியோ. ரவுட்டரிடம் வாங்குவதும் போனுக்குக் கொடுப்பதும் ஒரே சேனலில் மாறி மாறி நடப்பதால், சுவர்கள் தின்றது போக மிஞ்சும் வேகமும் ஏறத்தாழ பாதியாகிவிடும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 300 ஏட்டுக் கணக்கு. இதை வாங்குபவருக்குச் சொல்லாமல் விற்பது நியாயமில்லை. ஆனாலும் வீடியோ அழைப்புக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். அம்மாவுக்கு 21 தாராளம்.

ஜூன் 13, வெள்ளி

தோஹாவில் விடுமுறை. தம்பி கூப்பிட்டான். பேத்தியின் பல் விழுந்த வாயை அம்மா ரசித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடியது. எக்ஸ்டெண்டர் மாட்டிய பிளக் அந்த லைனில் இல்லை.

ஜூன் 14, சனி

எலக்ட்ரீஷியன் வந்து அந்த பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிட்டார். மாலை தம்பியோடு விட்ட இடத்திலிருந்து பேச்சு, தடங்கலில்லாமல்.

அழைப்புக்கும் பாடம் பார்ப்பதற்கும் இந்த விலைக்கு இது நல்ல கருவி. பெரிய ஃபைல்களோடு வீட்டிலிருந்தே வேலை செய்பவருக்குப் போதாது. சுவரில் துளை போட முடிகிறவர்கள் லேன் கேபிள் இழுத்து, சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட்டாக மாட்டுங்கள், வேகம் பாதியாகாது. எதுவானாலும், கடைக்குப் போகும் முன் போனோடு வீட்டை ஒருமுறை நடந்து அளந்துவிடுங்கள்.